நான்கு எழுத்து, ஒன்பது ஒலி

பத்தாம் வகுப்பு மாணவி

தமிழில் 247 எழுத்துகளைக் கற்றுத் தேறிய நமக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் எம்மாத்திரம் என்று தோன்றும். எழுத்துகளைக் கற்பது எளிதுதான். அவை ஒன்றோடொன்று கூடி நின்றால் எப்படி ஒலிக்கும் என்று அறிவதுதான் கடினம். அவ்வாறு கூடி நின்று நம்மைத் திகைக்க வைக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றியே இக்கட்டுரை.

ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகளும் இதே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் சொற்கள் ஆங்கிலத்தில் பல உண்டு. இந்த நான்கையும் இனி ‘நால்வர்’ என்றே அழைப்போம். நால்வருக்கு முன்னால் ஆர் என்னும் எழுத்தை வைத்தால் ‘ரஃப்’ என்று ஒலிக்கிறது. ஆனால் டி என்னும் எழுத்தை வைத்தால் ‘டோ’ ஆகிவிடுகிறது. சி என்பதை வைத்தால் ‘காஃப்’. பி என்பதை வைத்தால் ‘பவ்’. நால்வர் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. ஒலி மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. என்ன விந்தை!

இச்சொற்களைப் பொருளுடன் தொகுத்துக் கற்றால் தேர்வுக்கு உதவும். அதைவிட முக்கியமான பயன் ஒன்றும் உண்டு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

படிக்கும் முன் ஒரு சிறு குறிப்பு. ‘டீ’ என்று எழுதினால் ‘டேபிள்’ என்னும் சொல்லின் முதலெழுத்து என்று கொள்க. ‘டி’ என்று எழுதினால் ‘டாக்டர்’ என்னும் சொல்லின் முதலெழுத்து. ‘பி’ என்பது ‘பஸ்’ என்னும் சொல்லின் முதலெழுத்து.

ஒலிக்கு ஒரு குடும்பம்

முதற் குடும்பம்: ‘அஃப்’ என்று ஒலிப்பவை

1. ரஃப்: ஆர் + நால்வர். பொருள், கரடுமுரடான, செம்மை செய்யப்படாத. நாம் கணக்குகளைப் போட்டுப் பார்க்கும் ‘ரஃப் நோட்டு’ இப்பொருளில் வந்ததே.

2. டஃப்: டீ + நால்வர். பொருள், கெட்டியான, எளிதில் முறியாத, கடினமான.

3. இனஃப்: இ, என் + நால்வர். பொருள், போதும், போதிய அளவு.

4. ஸ்லஃப்: எஸ், எல் + நால்வர். பொருள், பாம்பு கழற்றிப் போட்ட சட்டை. தோலை உரித்தல் என்று வினைச்சொல்லாகவும் வரும்.

5. சஃப்: சி, எச் + நால்வர். இது காகக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பறவை. உடல் கறுப்பு, காலும் அலகும் சிவப்பு. மஞ்சள் அலகு உடைய இனமும் உண்டு. இவ்விரு இனங்களும் நம் இமயமலையில் வாழ்கின்றன. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதி இப்பறவையைத் தன் சின்னத்தில் வைத்திருக்கிறது. ஆயினும் அங்கே 1973-இல் கடைசிப் பறவையும் மறைந்துபோயிற்று. 2001-இல் சில பறவைகள் தாமாகவே திரும்பி வந்தன. மறு ஆண்டு குஞ்சும் பொரித்தன!

6. க்ளஃப்: சி, எல் + நால்வர். பொருள், செங்குத்தான சரிவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய பள்ளத்தாக்கு. வட இங்கிலாந்தில் வழங்கும் சொல்.

7. ஸஃப்: எஸ் + நால்வர். பொருள், மரங்களினூடே காற்று புகும்போது எழும் பெருமூச்சு போன்ற ஓசை. இதனை ‘ஸவ்’ என்று ஒலிப்பவரும் உண்டு.

இரண்டாம் குடும்பம்: ‘ஆஃப்’ என்று ஒலிப்பவை

8. காஃப்: சி + நால்வர். பொருள், இருமல்.

9. ட்ராஃப்: டீ, ஆர் + நால்வர். பொருள், கால்நடைகள் நீர் குடிக்கும் நீண்ட தொட்டி. இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்துக்கும் இதுவே பெயர். காற்றழுத்தம் குறைந்து நீளவாக்கில் கிடக்கும் பகுதியையும் இவ்வாறே அழைப்பார்கள். ஆதலால் பருவமழைக் காலத்தில் ஆங்கில வானிலை அறிக்கைகளில் இச்சொல் அடிக்கடி காதில் விழும்.

மூன்றாம் குடும்பம்: ‘ஓ’ என்று ஒலிப்பவை

10. டோ: டி + நால்வர். பொருள், பிசைந்த மாவு.

11. தோ: டீ, எச் + நால்வர். பொருள், இருந்தபோதிலும்.

12. ஃபர்லோ: எஃப், யூ, ஆர், எல் + நால்வர். பொருள், போர்வீரரும் அலுவலரும் பெறும் விடுப்பு. நம் நாட்டுச் சிறைகளில் கைதிகளுக்கு அளிக்கப்படும் ஒருவகைக் குறுகிய விடுப்புக்கும் இப்பெயர் உண்டு.

நான்காம் குடும்பம்: ‘ஊ’ என்று ஒலிப்பவை

13. த்ரூ: டீ, எச், ஆர் + நால்வர். பொருள், ஊடாக, வழியாக.

14. ப்ரூம்: பி, ஆர் + நால்வர் + ஏ, எம். பொருள், ஒற்றைக் குதிரை இழுக்கும் மூடு வண்டி. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புகழ்பெற்றிருந்தது. ப்ரூம் பிரபு என்பவரின் பெயரால் வழங்கியது. துடைப்பத்தைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய இதே ஒலியுடையது; எழுத்துக்கூட்டலே வேறு.

ஐந்தாம் குடும்பம்: ‘அவ்’ என்று ஒலிப்பவை

15. பவ்: பி + நால்வர். பொருள், மரத்தின் பெரிய கிளை.

16. ப்ளவ்: ‘பென்’ என்னும் சொல்லின் முதலெழுத்து, எல் + நால்வர். பொருள், ஏர், உழுதல்.

17. ட்ரவ்ட்: டி, ஆர் + நால்வர் + டீ. பொருள், வறட்சி. உலர்ந்த என்று பொருள்படும் ‘ட்ரை’ என்னும் சொல்லுக்கு இது உறவு.

18. டவ்டி: டி + நால்வர் + டீ, ஒய். பொருள், அஞ்சா நெஞ்சமுடைய.

19. ஸ்லவ்: எஸ், எல் + நால்வர். பொருள், சேறு, சதுப்பு நிலம். தோழியரே, நான்காவது சொல்லைத் திரும்பிப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் அதுவேதான்! பாம்புச் சட்டை என்றால் ‘ஸ்லஃப்’. சேறு என்றால் ‘ஸ்லவ்’. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ என்னும் நூலில் பயணி ஒருவன் அவநம்பிக்கை என்னும் சேற்றில் விழுகிறான். அங்கே வருவது இந்த ‘ஸ்லவ்’. அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிக’த்தைப் பாடினார். லண்டனுக்கு மேற்கே இதே பெயரில் ஒரு நகரமும் இருக்கிறது.

ஆறாம் குடும்பம்: ‘ஆ’வுக்கும் ‘ஓ’வுக்கும் இடைப்பட்ட ஒலி, பின்னால் ‘ட்’

20. தாட்: டீ, எச் + நால்வர் + டீ. பொருள், எண்ணினான், எண்ணம்.

21. ஸாட்: எஸ் + நால்வர் + டீ. பொருள், தேடினான்.

22. நாட்: என் + நால்வர் + டீ. பொருள், சுழி, ஒன்றுமின்மை.

23. ராட்: டபிள்யூ, ஆர் + நால்வர் + டீ. டபிள்யூ ஒலிக்காது. வேலை செய்தல் என்று பொருள்படும் ‘வொர்க்’ என்பதன் பழைய இறந்தகால வடிவம் இது. அடித்துப் பக்குவப்படுத்திய தேனிரும்பை ஆங்கிலத்தில் ‘ராட் அயர்ன்’ என்பார்கள். 1889-இல் பாரிஸில் எழுந்த ஈஃபில் கோபுரம் தேனிரும்பால் ஆனதே.

24. ஆட்: நால்வர் + டீ. பொருள், செய்யக் கடமைப்பட்ட. கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ என்ற வினைச்சொல்லின் பழைய இறந்தகாலமே இது. தமிழிலும் ‘கடன்’ என்னும் ஒரே சொல் வாங்கிய பணத்தையும் ஆற்ற வேண்டிய கடமையையும் குறிக்கிறது அல்லவா? தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே விதமாக எண்ணியிருப்பதை என்னென்பது!

ஏழாம் குடும்பம்: இறுதியில் ‘அ’ என்று மெலிந்து ஒலிப்பவை

25. தர: டீ, எச், ஓ, ஆர் + நால்வர். பொருள், முழுமையான, எதையும் விட்டுவிடாத. முன்னே கண்ட ‘த்ரூ’ என்னும் சொல்லே ஒரு காலத்தில் இரண்டாகக் கிளைத்து இச்சொல்லைத் தந்தது. ஒன்றின் ஊடாக முழுவதும் சென்று வந்ததுதானே முழுமை!

26. பர: பி, ஓ, ஆர் + நால்வர். பொருள், நகராட்சி போன்ற ஊர்ப்பிரிவு. முற்காலத்தில் அரண் சூழ்ந்த ஊர் என்று பொருள். ஹாம்பர்க், எடின்பரோ முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இருப்பதும் இதன் உறவே. அமெரிக்கர் இதனைப் ‘பரோ’ என்று ஒலிப்பர்.

எட்டாம் குடும்பம்: ‘அப்’ என்று ஒலிப்பது

27. ஹிக்கப்: எச், ஐ, சி, சி + நால்வர். பொருள், விக்கல். இக்குடும்பத்தில் இது ஒன்றுதான்.

ஒன்பதாம் குடும்பம்: ‘ஆக்’ என்று ஒலிப்பவை

28. லாக்: எல் + நால்வர். பொருள், ஏரி. அயர்லாந்தில் வழங்கும் சொல். அங்குள்ள ‘லாக் நே’ என்னும் ஏரி ஏறத்தாழ 390 சதுர கிலோமீட்டர் பரப்புடையது.

29. ஹாக்: எச் + நால்வர். பொருள், குதிரையின் பின்னங்கால் மூட்டு. இன்று பெரும்பாலோர் இதனை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுகின்றனர்.

ஒரே பெயரில் நால்வர் இருமுறை வந்து இருவிதமாக ஒலிப்பதும் உண்டு! இங்கிலாந்தில் ‘லஃப்பர’ என்று ஒரு நகரம் இருக்கிறது. எல் + நால்வர், பி, ஓ, ஆர் + நால்வர் என்று அதன் பெயரை எழுத வேண்டும். முன்னவர் ‘அஃப்’, பின்னவர் ‘அ’. ஏரியைக் குறிக்கும் ‘லாக்’ என்ற அதே எழுத்துகள் இங்கே ‘லஃப்’ ஆகிவிட்டன. மணி வார்க்கும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. லண்டன் தூய பவுல் பேராலயத்தில் தொங்கும் 16 டன்னுக்கு மேற்பட்ட ‘கிரேட் பால்’ என்னும் பெருமணி 1881-இல் அங்கேதான் வார்க்கப்பட்டது.

ஏன் இந்தக் குழப்பம்?

‘ஆங்கிலேயருக்கு எழுதத் தெரியவில்லை’ என்று சொல்லி நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் உண்மை அதுவன்று. இந்த எழுத்துக்கூட்டலை முதலில் எழுதியவர்கள் தங்கள் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்கள். நால்வரில் கடைசி இருவரான ஜி, எச் ஆகியவற்றுக்கு அக்காலத்தில் உண்மையாகவே ஓர் ஒலி இருந்தது.

அது எப்படிப்பட்ட ஒலி? ‘எஃகு’ என்று சொல்லிப் பாருங்கள். ககரம் பிறக்கும் முன் தொண்டையில் ஒரு காற்று உரசிச் செல்கிறது அல்லவா? ஏறத்தாழ அந்த ஒலிதான். பழைய ஆங்கிலத்தில் அதனை எச் என்னும் ஓர் எழுத்தால் எழுதினர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன் பின்வந்த எழுத்தர்கள் நாளடைவில் அவ்வொலிக்கு ஜி, எச் என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதலாயினர். எண்ணினான் என்னும் பொருளுடைய ‘தாட்’ அந்நாளில் நடுவே தொண்டையொலியுடன் ‘தோஃக்ட்’ என்பதுபோல் ஒலித்தது.

இதற்குச் சான்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஜெர்மன் மொழி ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. ‘எண்ணினான்’ என்பதற்கு ஜெர்மானியர் இன்றும் ‘டஃக்ட’ என்கிறார்கள். ‘கொண்டு வந்தான்’ என்பதற்கு ‘ப்ரஃக்ட’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் இதுவே ‘ப்ராட்’. ஆங்கிலம் இழந்த ஒலியை ஜெர்மன் இழக்கவில்லை. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஏரியைக் குறிக்கும் சொல்லில் அந்தத் தொண்டையொலியை இன்றும் கேட்கலாம். நம் ஒன்பதாம் குடும்பம் அதன் மிச்சமே.

பிறகு என்ன நடந்தது? 15-ஆம் நூற்றாண்டு முதல் அவ்வொலி சிறிது சிறிதாகத் தேய்ந்தது. சில சொற்களில் அடியோடு மறைந்து, முன்னுள்ள உயிரொலி மட்டும் எஞ்சியது. ‘தோ’, ‘த்ரூ’, ‘பவ்’ முதலியவை அப்படி வந்தவை. வேறு சில சொற்களில் தொண்டையில் எழுந்த காற்று உதட்டுக்கு இடம் மாறிற்று. ‘ரஃப்’, ‘காஃப்’ முதலியவை அப்படி வந்தவை. ஒவ்வொரு வட்டாரமும் ஒவ்வொரு வழியில் சென்றது. பிசைந்த மாவு தெற்கே ‘டோ’ ஆயிற்று. வடக்கே ‘டஃப்’ ஆயிற்று. ‘பிளம் டஃப்’ என்னும் பலகாரத்தின் பெயரில் அந்த வடக்கத்தி ஒலி இன்றும் இருக்கிறது. லண்டன் மக்கள் சில சொற்களை ஒரு வட்டாரத்திலிருந்தும் சில சொற்களை மற்றொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டனர். போதாக்குறைக்கு ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர் ஒலிகளும் மாறிக்கொண்டே இருந்தன.

வாய் இப்படி ஓடிக்கொண்டிருந்த வேளையில் கை நின்றுவிட்டது! வில்லியம் கேக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சில் ஏறிய எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற்றது. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் பேரகராதியை வெளியிட்டபோது அது மேலும் உறுதியாயிற்று. ஆகவே நால்வர் நிற்கும் இடமெல்லாம் மறைந்துபோன ஓர் ஒலியின் காலடித் தடங்கள்.

கூட்டத்தில் புகுந்த வேற்றாள்கள்

எல்லாச் சொற்களும் இப்படிப் பிறந்தவை அல்ல. விக்கலைக் குறிக்கும் சொல்லை முதலில் ஒலித்தபடியே ‘ஹிக்கப்’ என்று எழுதினர். விக்கலும் ஒருவகை இருமலே என்று பிற்காலத்தில் சிலர் எண்ணினர். அதனால் இருமலின் எழுத்துகளைக் கொண்டுவந்து அதன் வாலில் ஒட்டிவிட்டனர். ஒலி மட்டும் பழையபடி நின்றது. விடுப்பைக் குறிக்கும் ‘ஃபர்லோ’ டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பெயர் ‘ஃபெர்லோஃப்’. ஆங்கிலத்துக்கு வந்த பின்னரே நால்வரின் உடையை அணிந்துகொண்டது.

மாறாக, அயலாள் போல் தோன்றும் ஒன்று நமக்குத் தெரிந்த முகமாக இருப்பதும் உண்டு. மரக்கிளையைக் குறிக்கும் ‘பவ்’ பழைய ஆங்கிலத்தில் தோள், கை என்றும் பொருள்பட்டது. வடமொழியில் கையைக் குறிக்கும் ‘பாஹு’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை என்பது மொழியறிஞர் கண்ட உண்மை. வலிய தோளுடையவன் என்று பொருள்படும் ‘பாகுபலி’ என்ற பெயரில் இருப்பது அந்தச் சொல்லே. மரத்தின் கைதானே கிளை!

திருத்த முயன்றவர்கள்

இக்குழப்பத்தை நீக்க முயன்றவர் பலர். அமெரிக்காவில் 1906-இல் எழுத்துக்கூட்டலை எளிதாக்க ஒரு குழு அமைந்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களுக்கு எளிய வடிவங்களை வழங்குமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழ் 1934 முதல் சுருக்கமான எழுத்துக்கூட்டலைக் கையாண்டு, ‘தோ’, ‘த்ரூ’ முதலிய சொற்களில் நால்வரைக் குறைத்து எழுதிவந்தது. 1975-இல் அதுவும் பழைய முறைக்கே திரும்பிற்று. ஏரைக் குறிக்கும் ‘ப்ளவ்’ என்பதை மட்டும் அமெரிக்கர் ஜி, எச் இல்லாமல் எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது.

‘மீன்’ என்று பொருள்படும் ‘ஃபிஷ்’ என்பதை ஜி, எச், ஓ, டீ, ஐ என்று எழுதலாமே என்று ஒரு வேடிக்கை உண்டு. ‘இனஃப்’ சொல்லிலுள்ள ஃப், மகளிரைக் குறிக்கும் ‘விமன்’ சொல்லிலுள்ள இ, ‘நேஷன்’ சொல்லிலுள்ள ஷ் ஆகியவற்றைச் சேர்த்தால் ‘ஃபிஷ்’ அல்லவா என்று கேட்பார்கள். 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இவ்வேடிக்கை காணப்படுகிறது. ஆனால் தோழியரே, ஏமாற வேண்டாம்! ஜி, எச் இரண்டும் சொல்லின் முதலில் நின்றால் ‘கோஸ்ட்’ என்பதில் போல ககரமாகவே ஒலிக்கும். அங்கே ‘ஃப்’ ஒருபோதும் வராது. ஆங்கிலத்திலும் இடமறிந்து ஒலிக்கும் ஒழுங்கு சிறிதேனும் இருக்கிறது.

நம் தமிழில் எப்படி?

தமிழிலும் ஓரெழுத்து பல ஒலி உண்டு. காகம், பங்கு என்று சொல்லிப் பாருங்கள். காகத்தின் முதற் ககரம் வலிமையாக ஒலிக்கிறது. இரண்டாவது மெலிந்து ஒலிக்கிறது. பங்கில் வரும் ககரம் வேறொரு விதம். ஆயினும் சொல்லின் முதலா, இடையா, மெல்லெழுத்துக்குப் பின்னா என்று பார்த்தால் ஒலி தானே விளங்கிவிடும். நால்வருக்கு அப்படி ஒரு விதி இல்லை.

இருப்பினும் வாய் ஓடக் கை நின்ற கதை நம்மிடமும் உண்டு. ‘ஒன்று’ என்று எழுதுகிறோம். ‘ஒண்ணு’ என்று பேசுகிறோம். ‘ஐந்து’ என்று எழுதி ‘அஞ்சு’ என்கிறோம். ‘அரை’, ‘அறை’ என்னும் இரண்டையும் நம்மில் பலர் ஒன்றுபோலவே ஒலிக்கிறோம். ழகரமோ பலர் நாவில் ளகரமாகிவிட்டது. நம் எழுத்து மாறாமல் நிற்பதால்தான் எது சரியான ஒலி என்று திரும்பிப் பார்க்க முடிகிறது.

எழுத்தைத் திருத்தியதில் நாம் அமெரிக்கரைவிட வெற்றி கண்டவர்கள் என்றும் சொல்லலாம். குறிலையும் நெடிலையும் வேறுபடுத்திக் காட்ட ஏகார, ஓகார வடிவங்களைத் திருத்தியவர் என்று வீரமாமுனிவர் போற்றப்படுகிறார். பெரியார் வலியுறுத்திய வடிவங்கள் பலவற்றைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. நம் பாட்டிமார் ‘லை’, ‘னை’, ‘றா’ என்பவற்றை வேறு வடிவில் எழுதக் கற்றவர்கள். இன்று நாம் எழுதுவது திருத்திய வடிவம்.

கற்கும் வழி

நால்வர் சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்தால் நினைவில் நில்லா. குடும்பம் குடும்பமாகக் கற்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தின் பொருளையும் ஒரு தமிழ் வாக்கியத்தில் கோத்து வைத்துக்கொண்டால் மறக்காது. சில வாக்கியங்களை இங்கே தருகிறேன். இவற்றை விடச் சிறந்தவற்றை நீங்களே அமைக்கலாம்.

‘அஃப்’ குடும்பம்: கரடுமுரடான பாறையில் கெட்டியான சட்டையைப் பாம்பு உரித்தது, போதும் என்றது செங்கால் பறவை.

‘ஆஃப்’ குடும்பம்: தொட்டியில் நீர் குடித்த மாடு இருமிற்று.

‘ஓ’ குடும்பம்: விடுப்பில் வந்தபோதிலும் அண்ணன் மாவு பிசைந்தான்.

‘அவ்’ குடும்பம்: வறட்சி வந்தால் ஏர் நிற்கும், கிளை காயும், சேறும் வெடிக்கும், அஞ்சா நெஞ்சன் கலங்கான்.

மூன்று சொற்களில் தனிக்கவனம் வேண்டும். ‘தோ’, ‘த்ரூ’, ‘தாட்’ என்பன எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் சொல்வதெழுதலில் மாறிப் போகும். ஆர் இருந்தால் ஊடாக. இறுதியில் டீ இருந்தால் எண்ணம். இரண்டும் இல்லையேல் இருந்தபோதிலும். இவ்வளவுதான்.

சிரிப்பதற்கு முன்

பின்னால் சொல்கிறேன் என்று கூறிய பயனுக்கு இப்போது வருகிறேன். நம்மில் பலருடைய வீட்டில் ஆங்கிலம் பேசுவார் இல்லை. நம் தாய் தந்தையர் பலருக்கும் ஆங்கிலச் சொற்கள் புத்தகத்தின் வழியே மட்டும் அறிமுகமானவை. காதால் கேளாத சொல்லைக் கண்ணால் மட்டும் கண்டு படிக்கிறவள் எழுத்தை நம்பித்தான் படிப்பாள். ஏரைக் குறிக்கும் சொல்லை ஜி, எச் இரண்டும் ஒலிக்க ஒருத்தி வகுப்பில் வாய்விட்டுப் படித்தால் பின்வரிசையில் சிரிப்பு எழுகிறது. ஒரு நிமிடச் சிரிப்புத்தான். ஆனால் மறுநாள் முதல் அவள் கை உயர்வதில்லை. சொல் தெரிந்திருந்தாலும் வாய் திறப்பதில்லை. நேர்முகத் தேர்விலும் அலுவலகத்திலும் அந்த அச்சம் அவளைப் பின்தொடர்கிறது.

அவள் ஒலித்தது இன்றைய வழக்கன்று. அதைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அறிவீனம் என்று அதைச் சொல்ல முடியுமா? ஜி, எச் இரண்டுக்கும் ஒலி உண்டு என்று நம்பிப் படிக்கும் பெண், 600 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த மக்களுக்கு நம் எல்லோரையும் விட நெருங்கியவள் அல்லவா! அவர்கள் உயிர்த்தெழுந்து வந்து நம் வகுப்பில் அமர்ந்தால் ‘ப்ளவ்’ என்று சொல்லும் நம்மைப் பார்த்தே திகைப்பார்கள்.

ஆகவே தோழியரே, நால்வரில் ஒருவரைத் தவறாக ஒலிக்கும் தோழியைக் கண்டால் சரியான ஒலியை மெதுவாக அவள் காதில் சொல்வோம். அது பிறந்த கதையையும் சேர்த்துச் சொல்வோம். காரணம் தெரிந்து கற்ற சொல் எளிதில் மறக்காது. அச்சமின்றிக் கற்றது நாவிலும் தங்கும். தவறாக ஒலித்தவளுக்கும் அடுத்த பத்தியைப் படிக்க வாய்ப்புத் தருவோம்!